பாதி உயர்ந்த கை

அவைத்தலைமை ஏற்றிருக்கும் அம்மையார், இந்த டெயர் கவுண்டி வட்டாரத்தில் நம் கட்சிக் கொடி இறங்காமல் இருபத்திரண்டு ஆண்டுகளாய் இழுத்துப் பிடித்திருக்கும் ஆர்லிஸ் பிராண்ட்ஸ்மா அவர்களே! சில்லிக் கறிக்குழம்பு ஆறிப்போகுமுன் ஜெபத்தைச் சுருக்கமாய் முடித்துச் சபையோரின் வாழ்த்தைப் பெற்ற அருமைப் போதகர் அவர்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்து, ‘இவன் என்னதான் சொல்லிக் கிழிக்கப் போகிறான், பார்ப்போம்’ என்று புருவம் உயர்த்தியிருக்கும் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து வெங்காயம் நறுக்கி, பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தைச் சமையற்கூடமாய் மாற்றி, சில்லிக்குப் பக்கத்தில் சினமன் ரோல் என்னும் இனிப்பு ரொட்டியை வைக்கும் அயோவாவின் அறத்தை அழியாமல் காத்துவரும் அன்னையர்களே! எதிர்வேட்பாளர்களின் பெயர் பொறித்த பொத்தான்களை மார்பில் குத்திக்கொண்டு, எனக்கென்று எடுத்து வைத்த ரோலையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்ட சகோதரர்களே! உங்கள் அனைவருக்கும், அதிபர் பதவிக்குப் போட்டியிடும் இந்த ரஸ்ஸல் ஹாவர்காம்ப்பின் தலைதாழ்ந்த வணக்கம்.

தலைதாழ்ந்த வணக்கம் என்றேன். மேடை வழக்கத்துக்காகச் சொன்ன சொல் அல்ல. உண்மையிலேயே எனக்குத் தலை நிமிரவில்லை.

என்ன ஐயா சொன்னீர்கள்? பின்வரிசைக்குக் கேட்டிராது, நானே திருப்பிச் சொல்கிறேன். “கவர்னரே, அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க!” என்கிறார் ஐயா. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். இதோ கை. பத்து நாளைக்கு முன் தொலைக்காட்சி விவாத மேடையில் நாடே பார்க்கப் பாதி உயர்ந்த கை இதுதான். நேற்று பெட்ரோல் போட நின்றேன். அங்கிருந்தவர் கேட்கிறார், “அரை டேங்க்கா கவர்னரே, முழுசாவா?” காலையில் காபிக் கடைக்குப் போனேன். பரிமாறுகிற அம்மா கெட்டிலோடு வந்து நின்று, “காபி வேணும்னா கை தூக்குங்க. ஆனா பாதி தூக்குனா பாதிக் கப்புதான்” என்கிறார். நியாயம்தானே! பாதிக் கப்புதான் குடித்தேன். மீதியைக் கேட்க வாய் வரவில்லை.

அன்புக்குரியவர்களே! நாளை மறுநாள் திங்கட்கிழமை. நம் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, இந்த மாநிலமெங்கும் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நீங்கள் கூடுவீர்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் உங்களுள் ஒருவர், ஒரு பக்கத்து வீட்டுக்காரர், எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேசுவார். பிறகு வெற்றுத்தாளில் ஒரு பெயரை எழுதிப் பெட்டியில் போடுவீர்கள். அதிபராக ஆசைப்படுகிறவன் எத்தனை விமானம் ஏறினாலும் என்ன? எத்தனை விளம்பரம் போட்டாலும் என்ன? கடைசியில் அவனுக்காக அவன் பேசமுடியாது. உங்களில் ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்துப் பேச வேண்டும். இந்த ஊரில் எனக்காக அப்படிப் பேசுவதாக ஒப்புக்கொண்டவர் லோர்னா ஹைஸ்மன் அம்மையார். அதோ, பாத்திரங்களுக்குப் பக்கத்தில், நீலச் சட்டையில் நிற்கிறாரே, அவர்தான். முப்பது ஆண்டுகளாய் அந்தக் கூட்டங்களுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தவர். ஒருமுறையேனும் எழுந்து பேசியவரில்லை. அவரை நான் தலைகுனிய வைத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் கோட்டுப் பையில் ஓர் உரை இருக்கிறது. கடன், மருத்துவம், எல்லை, எரிபொருள், ஆயுதம் என்று அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். அதைப் படிக்க மாட்டேன். அந்தக் கொள்கைகளையெல்லாம் ஆகஸ்டு மாதமே இதைவிட நல்ல தமாஷோடும் இதைவிடக் கடுமையோடும் ஒருவர் என் வாயிலிருந்து பிடுங்கியிருக்கிறார். லோர்னா அம்மாவின் சமையலறை மேசையில் நடந்தது அது. அவரும் அவர் கணவர் கெரிட்டும் சொல்லலாம் என்று அனுமதி தந்ததால் சொல்கிறேன்.

போய் உட்கார்ந்ததும், “மொதல்ல காபியக் குடிங்க” என்றார். “பேசுறவங்க நெறையப் பேரு இந்த மேசையில பேசிட்டுப் போயாச்சு. நீங்க பேச வேணாம். நான் கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க.” தீவனக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதி வைத்திருந்தார்.

“நாட்டுக் கடனப் பத்தி என்ன சொல்றீங்க?”

“வரவுக்கு மேல செலவு பண்ற வீடும் உருப்படாது, நாடும் உருப்படாது. இப்ப பென்ஷன் வாங்குற பெரியவங்க பணத்துல கை வைக்க மாட்டேன். ஆனா இன்னைக்கு முப்பது வயசுல இருக்கிறவங்க நம்மள விட ஒண்ணு ரெண்டு வருஷம் கூடுதலா வேலை பார்க்க வேண்டி வரும்.”

“ஓட்டு விழாது.”

“தெரியும்மா.”

“ம். ஆஸ்பத்திரி?”

“புதுக் கூரை போடாம பழைய கூரையப் பிரிக்க மாட்டேன். சின்ன ஊர்ல பிரசவ வார்ட மூடிட்டு, வலி வந்த பொண்ண அம்பது மைல் பனியில வண்டியில போகச் சொல்றதுக்குப் பேரு சிக்கனம் இல்ல.”

“எல்லை?”

“வாசலுக்குப் பூட்டு வேணும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பூட்டு இருக்கிற வீட்டுக்குக் கதவும் இருக்கணும். வேலைக்கு வர்றவனுக்கு ஒழுங்கா ஒரு அனுமதிச் சீட்டு, ஒழுங்கா ஒரு வரிசை.”

“எத்தனால்? நம்ம சோளத்துல இருந்து வர்ற எரிபொருள்?”

நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். “அரசாங்கம் குடுக்கிற கைத்தாங்கலப் படிப்படியாக் குறைக்கணும்மா. நட்டது நட்டபடி நிக்கணும்னா சொந்தக் கால்ல நிக்கணும்.”

உறுமாதீர்கள், ஐயா! உறுமுவீர்கள் என்று தெரிந்துதான் இன்று காலைவரை இந்த இடத்தை விழுங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். விழுங்கி விழுங்கித்தான் இந்தக் கதிக்கு வந்தேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கெரிட் ஐயா திரும்பிப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்: “இந்த ஆளு ஜெயிக்க மாட்டாரு லோர்னா. ஆனா பொய் சொல்லல.” என் அரசியல் வாழ்வில் எனக்குக் கிடைத்த பட்டங்களிலேயே பெரிய பட்டம் அது. பத்து நாளைக்கு முன் அதைத் தொலைத்தேன்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “துப்பாக்கி?”

நானும் உங்களைப்போல் காட்டுக்கோழி வேட்டைக்குப் போகிறவன். என் தந்தை தந்த துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது. நேர்மையான மனிதனின் ஆயுதத்தில் அரசு கை வைக்கலாகாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் நான் ஆளுநராய் இருந்தபோது என் மாநிலத்தில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டேன். மனம் உடைந்து, தன்னையே மாய்த்துக்கொள்வான் என்று அஞ்சத்தக்க நிலையில் ஒருவன் இருந்தால், அவன் குடும்பத்தார் நீதிபதியிடம் முறையிடலாம். நீதிபதி அவனையும் விசாரித்து, அவன் துப்பாக்கிகளை மூன்று வாரம் வாங்கி வைக்கச் சொல்லலாம். பிறகு திருப்பித் தரவேண்டும். அவ்வளவுதான் அந்தச் சட்டம். அதைச் சொல்லி முடித்தேன்.

கெரிட் ஐயா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பால் விலை படுத்து, கறவை மாடுகளையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிய அந்த மார்ச்சு மாதத்தைப் பற்றிச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்று போயிற்று. தூக்கம் போயிற்று. மாடில்லாத தொழுவத்தில் போய் நின்றுகொண்டிருப்பாராம். ஒருநாள் மத்தியானம் பக்கத்துப் பண்ணை ஆர்வில் டெ ஹான் வண்டியை வாசலில் நிறுத்தினார்.

“ஏம்ப்பா கெரிட், என் துப்பாக்கி மக்கர் பண்ணுது. நரி வந்து கோழியத் தூக்கிட்டுப் போவுது. உன்னுதக் கொஞ்சம் குடு.”

“எது வேணும்?”

“மூணும் குடு.”

“ஒரு நரிக்கு எதுக்குப்பா மூணு?”

“மூணு நரி வருது.”

கொடுத்துவிட்டார். மார்ச்சில் போன துப்பாக்கிகள் செப்டம்பர்வரை வரவில்லை. ஒருநாள் எண்ணெய் போட்டு, துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார் ஆர்வில். “நரி போயிடுச்சு” என்றார். காபி குடித்தார். போய்விட்டார். கெரிட் ஐயா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “கவர்னரே, ஆர்வில் வீட்டுல கோழியே கிடையாது.”

அதோ, மூன்றாம் மேசையில் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர்தான் ஆர்வில். என்ன ஐயா? “நரி இருந்துச்சு” என்கிறார். இருந்தது ஐயா, இருந்தது. இல்லையென்று சொல்ல எவனுக்கு வாய் இருக்கிறது!

நண்பர்களே, இது ஆர்வில் ஒருவரின் செய்கையா? இங்கே எத்தனை வீட்டில் இப்படி நடந்திருக்கிறது? பேச்சற்றுப் போனவன் வீட்டுக்குப் போய் இரவல் கேட்பது உங்கள் வழக்கம். யாரும் காரணம் கேட்பதில்லை. யாரும் பிறகு அதைப் பேசுவதுமில்லை. என் அரசியல் முழுவதும் அந்த இரவலுக்குள் அடங்கிவிடும். அண்டை வீட்டான் செய்யக்கூடியதை அரசாங்கம் செய்யவேண்டாம். ஊர் செய்யக்கூடியதை வாஷிங்டன் செய்யவேண்டாம். ஆனால் அண்டை வீடே இல்லாதவனுக்கு? ஆர்வில் இருக்கிற சாலைக்கு என் சட்டம் தேவையில்லை. ஆர்வில் இல்லாத வீட்டுக்காகத்தான் அதில் கையெழுத்திட்டேன்.

இதைக் கேட்டுவிட்டு லோர்னா அம்மா எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன வெற்று அட்டையை எடுத்தார். சமையல் குறிப்பு எழுதும் அட்டை. “எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு. பதினாலு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல” என்றார். “நீங்க இதையே டிவியில சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்மா.”

“எல்லாரும் வேற மாதிரி சொன்னாலும்?”

“சொல்லுவேன்.”

“அப்ப பேரு எழுதிப் போடுற கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசுறேன்.”

சொன்னால் சொன்னதுதான் என்று வாழ்கிற மக்கள் நீங்கள். இந்தக் கவுண்டியில் கைகுலுக்கினால் பத்திரம் வேண்டியதில்லை. நானும் அன்று கைகுலுக்கினேன். இதே கையால்!

பிறகு விவாத மேடை வந்தது. ஒன்பது பேர், ஒன்பது மேசை, கண்ணைக் குருடாக்குகிற விளக்கு. மேடையேறுமுன் என் ஆலோசகர் கிப் காதில் சொன்னார், “கை தூக்கச் சொல்லுவாங்க. தனியா மட்டும் நின்னுடாதீங்க சார்.” நெறியாளர் கேட்டார்: குடும்பத்தாரின் முறையீட்டின்பேரில் துப்பாக்கியை வாங்கி வைக்கும் சட்டங்கள் அத்தனையையும் ஒழிப்பேன் என்பவர்கள் கை தூக்குங்கள், விளக்கம் வேண்டாம், கை மட்டும் போதும்.

எட்டுக் கைகள் எழுந்தன. நான் இடப்பக்கம் பார்த்தேன். வலப்பக்கம் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதை மெதுவாய் ஓட்டிக் காட்டுகிறார்களாமே! என் கை எழுந்தது. நெஞ்சுவரை எழுந்தது, தோள்வரை எழுந்தது, அங்கேயே நின்றது. எந்தக் கை அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டதோ, அந்தக் கை. எந்தக் கை லோர்னா அம்மாவின் கையைப் பற்றிக் குலுக்கியதோ, அந்தக் கை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் கருத்தும் மாறியிருக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். எட்டுப் பேர் நடுவே ஒற்றை ஆளாய் நிற்பதற்குப் பயந்தேன். அறுபத்து மூன்று வயது மனிதன், ஒரு மாநிலத்தையே எட்டாண்டு ஆண்டவன், மற்றவன் என்ன நினைப்பானோ என்று பயந்தேன். சீ!

அதோடு நின்றேனா? நிற்கவில்லையே! மேடை இறங்கியதும் கிப் சொன்னார், “பாதிதானே தூக்குனீங்க, தோள் அரிச்சதுன்னு சொல்லிடலாம் சார்.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி” என்றேன். ஒரே சொல். மறுநாள் என் பெயரால் அறிக்கை வந்தது: ஆளுநருக்குத் தோளில் அரிப்பு! முதலில் கோழைத்தனம், பிறகு பொய். கோழைக்கு அடுத்த வீடு பொய்யன் வீடுதானே? கிப்பைக் குறை சொல்லாதீர்கள். அவர் குடையைத்தான் நீட்டினார். அதற்குள் போய் ஒளிந்தவன் நான்.

மேடையில் நின்ற எனக்கு நேர்ந்ததெல்லாம் கேலி. லோர்னா அம்மாவுக்கு நேர்ந்தது வேறு. தீவனக் கடையில் வரிசையில் நின்றவரைப் பார்த்து ஒருவர் கேட்டாராம், “என்ன லோர்னா, உங்க ஆளுக்குத் தோள் அரிப்பு தீந்துச்சா? மருந்து ஏதும் வாங்கிட்டுப் போறீங்களா?” கடையே சிரித்ததாம். அவர் மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனாராம். கேட்டவரும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என்னைத்தான் கேட்டார். நான் அங்கே இல்லாததால் அம்மா வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து என் அலுவலகத்துக்கு ஒரு தபால் வந்தது. கடிதம் இல்லை. வசவு இல்லை. வசவு இருந்திருந்தால் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன். அந்தச் சமையல் குறிப்பு அட்டை மட்டும் இருந்தது. திங்கட்கிழமை பேசுவதற்காக அவர் எழுதி வைத்திருந்தது. பதினாலு வருடமாய் யாரிடமும் சொல்லாததை நான்கே வரியில் எழுதியிருந்தார். அடித்து அடித்துத் திருத்தியிருந்தார். ஓரத்தில் மாவுக் கறை இருந்தது. ரொட்டி பிசைந்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்.

இதோ அந்த அட்டை. அவர் அண்ணனைப் பற்றியது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். அது அவர் வாயால் வர வேண்டிய சொல். என் வாய்க்கு அந்தத் தகுதி இல்லை.

ஆர்லிஸ் அம்மையார் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விவாத மேடையில் கேட்ட அந்தக் கேள்வியை என்னிடம் மறுபடி கேளுங்கள். ஆமாம், இங்கே, இப்போது, இத்தனை பேர் முன்னிலையில் கேளுங்கள். ... பின்வரிசைக்குக் கேட்டதா? “அந்தச் சட்டங்களை ஒழிப்பேன் என்பவர் கை தூக்குக” என்கிறார் அம்மையார். நிறையக் கைகள் எழுகின்றனவே! தூக்குங்கள், தாராளமாய்த் தூக்குங்கள். அது உங்கள் கருத்து. நீங்கள் யாரையும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்கவில்லை. இதோ என் கைகள். இரண்டும் இந்த மேசையின்மேல் இருக்கின்றன. பத்து நாள் பிந்தி இருக்கின்றன. விளக்கும் கேமராவும் இல்லாத இடத்தில் இது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். கைதட்டாதீர்கள், வேண்டாம். திருடிய பொருளைத் திருப்பி வைத்தவனுக்கு மாலையா போடுவார்கள்?

நான் உங்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை என்று நடிக்கவும் மாட்டேன். அதிபராக எனக்கு ஆசைதான். கடனைக் குறைக்க ஆசை, வாசலுக்குப் பூட்டும் கதவும் வைக்க ஆசை, அந்தப் பிரசவ வார்டைத் திறக்க ஆசை, உங்கள் உறுமலோடு சேர்த்து அந்தச் சோளப் பேச்சையும் பேச ஆசை. ஆனால் இந்த ஊரில் எனக்காக எழுந்து நிற்க ஒருவர் வேண்டுமே! அவரைக் கட்டாயப்படுத்த மாட்டேன். லோர்னா அம்மா, நீங்கள் எனக்குத் தந்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன். விடுவிக்கிறேன் என்பதுகூடத் திமிரான சொல். வாக்கை முறித்தவன் நான். உங்களுக்குக் கடமை எதுவும் இல்லை. என்னை மன்னியுங்கள் என்று இத்தனை பேர் முன் கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் அது முறைதான்.

அம்மா எழுந்து வருகிறார். பாதை விடுங்கள், ஐயா. கரண்டியைக் கெரிட்டிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.

“அட்டையக் குடுங்க” என்கிறார். இதோ அம்மா. பின்வரிசைக்காகத் திருப்பிச் சொல்கிறேன். “திங்கக்கிழமைக்கு இது வேணும். யாரு பேர எழுதுவேன்னு கேக்காதீங்க. உங்களுக்காகப் பேசப் போறதில்ல. எங்கண்ணன் டெல்பர்ட்டுக்காகப் பேசப் போறேன்.”

சரி அம்மா. கேட்க மாட்டேன்.

இன்னும் சொல்கிறார்: “எங்கண்ணன் வீட்டுக்கு யாரும் இரவல் கேட்டுப் போகல. நானும் போகல. அவன் போனப்ப மாரடைப்புன்னு ஊருக்குச் சொன்னோம்.” பின்வரிசைக்கு... என்ன அம்மா?

“நீங்க திருப்பிச் சொல்ல வேணாம் கவர்னரே. அந்த மைக்க இப்படிக் குடுங்க.”

அவைத்தலைவர் அம்மையாருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பசியாற்றிய அன்னையருக்கும், சிரித்தவர்களுக்கும் சிரிக்காதவர்களுக்கும் என் நன்றி. எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் நாலு நிமிடம் மிச்சம் இருக்கிறது. அது லோர்னா அம்மாவுடையது. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பேசுங்கள், அம்மா. நான் கீழே நின்று கேட்கிறேன்.